மஸ்கெலியாச் சந்தை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

நாளங்காடி, அல்லங்காடி என்னும் சொற்கள் பழந்தமிழர் வாணிகத்தைப் பற்றி எழுதுவோர் அனைவரும் எடுத்தாளும் சொற்களாகும். உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற உமணரும், மீனைக் கொடுத்துத் தானியம் பெற்ற பரதவப் பெண்டிரும் சங்க இலக்கியத்தில் இடம்பெறுகின்றனர். இவர்கள் அனைவருக்கும் பொதுவானதொரு பண்பு உண்டு. சந்தைக்கு வருகின்ற ஒவ்வொருவரும் தாம் விளைவித்ததையோ திரட்டியதையோ கையிற் கொண்டே வருகின்றனர். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளிலும் இப்பண்பினை நாம் காணலாம். தோட்டத்திற் பறித்த கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் வாழைக்குலையையும் விற்று, அப்பணத்தில் தனக்கு வேண்டியதை வாங்கித் திரும்புகின்ற விவசாயியே அச்சந்தைகளின் மையமாவான்.

மலையகத்தின் வாரச் சந்தை இவ்விலக்கணத்திற்குப் புறம்பானது. மஸ்கெலியாவிலும் அதன் அயலிலுள்ள சாமிமலை, அப்கொட் முதலிய இடங்களிலும் மண்ணோடு மாரடிக்கும் மக்களே பெரும்பான்மையினர். ஆயினும் அவர்கள் சந்தைக்கு வருவது வெறுங் கூடையோடும் கைப்பணத்தோடுந்தான். மண்ணில் உழைப்பவர் மரக்கறியை விலைக்கு வாங்குபவராக நிற்கும் இந்த முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பியும் தேயிலையும்

சிவனொளிபாதமலையின் அடிவாரக் காடுகள், கண்டியைச் சூழ்ந்த பகுதிகளோடு ஒப்பிடுகையில், காலந்தாழ்த்தியே பெருந்தோட்டங்களாயின. கோப்பிக் காலத்தின் இறுதி அலையிலேயே டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளின் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. 1869இல் இலங்கையில் தோன்றிய கோப்பி இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை அழித்தது. சிங்கோனாவில் சிறிது காலம் நம்பிக்கை வைத்த தோட்டத்துரைமார் பின்னர் தேயிலைக்கு மாறினர்.

இப்பயிர் மாற்றம் சந்தையின் வரலாற்றில் முக்கியமானதொரு திருப்பமாகும். கோப்பி பருவப் பயிர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் ஆட்களை வேண்டுவது. ஆதலால் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. வாரந்தோறும் ஒரே இடத்தில் ஒரே மக்கள் பொருள் வாங்கும் நிலை இதன் பின்னரே உறுதிப்பட்டது. 1884இல் புகையிரதப் பாதை அட்டனை எட்டியதும், அரிசி மூடையும் கருவாடும் துணியும் முன்னிலும் எளிதாக இப்பகுதியை வந்தடைந்தன. எனவே மலையகச் சந்தை ஒரு கிராமத்தின் உபரி விளைச்சலிலிருந்து பிறந்ததன்று. ஏற்றுமதிப் பயிரின் தேவையிலிருந்து பிறந்தது எனலாம்.

அரிசிக் கணக்கு

நிலைகொண்ட இம்மக்களின் கையிற் பணம் புழங்கியதா என்பது அடுத்த வினா. நீண்ட காலத்திற்கு அது மிகச் சொற்பமாகவே புழங்கியது. தொழிலாளியின் முதன்மை உணவாகிய அரிசியைத் தோட்ட நிர்வாகமே வழங்கி, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. பயணச் செலவு, கங்காணி கொடுத்த முன்பணம் ஆகியனவும் அவன் பெயரிற் கடனாக நின்றன. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டோடு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு மாற்றப்பட்டான். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும் வரை இந்நிலை நீடித்தது.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்கூலி வரையறுக்கப்பட்டது. ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். அரிசியின் விலை புசலுக்கு ரூபா 6.40 என நிர்ணயிக்கப்பட்டது. இவ்வெண்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பின் உண்மை விளங்கும். ஒரு புசல் அரிசிக்கு ஆண் ஏறத்தாழப் 12 நாட்களும், பெண் ஏறத்தாழ 15 நாட்களும் உழைக்க வேண்டியிருந்தது. இதற்குப் பின் எஞ்சிய சதங்களே சந்தைக்குரியவை. உப்பு, மிளகாய், கருவாடு, வெற்றிலை, துணி ஆகிய யாவும் அந்த எச்சத்திற்குள் அடங்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையைச் சரித்தபோது இக்கூலியும் குறைக்கப்பட்டது.

தொழிலாளிக்குக் காசுக்குப் பதிலாகப் பொருள் கொடுக்கும் வழக்கம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலேயே சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் இவ்வழக்கத்தைக் கையாண்டனர்; 1831இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டமியற்றி அதனைத் தடுக்க முயன்றது. தாய்நாட்டில் தவறெனத் தள்ளப்பட்ட வழக்கம் குடியேற்ற நாட்டில் நிர்வாக ஒழுங்காகப் போற்றப்பட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஞாயிறும் பத்தாந் திகதியும்

விவசாயக் கிராமத்துச் சந்தை அறுவடையை ஒட்டிப் பெருகும். மலையகச் சந்தையோ செக்றோலை ஒட்டிப் பெருகுவது. தோட்டத்தின் ஓய்வுநாள் ஞாயிறு. மாதச் சம்பளம் கைக்கு வருவது அடுத்த மாதத்துப் பத்தாந் திகதியளவில். ஆகவே ஒரு மாதத்தின் வாரங்கள் யாவும் ஒன்றுபோல இருப்பதில்லை. சம்பளத்தை அடுத்த வாரத்தில் மீனும் புதுத்துணியும் விலைபோகும். மாத இறுதி வாரத்தில் கீரையும் நெத்தலிக் கருவாடும் கடனும் மட்டுமே எஞ்சும்.

கோடைக்காலச் சந்தையில் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். தை முதல் பங்குனி வரையான வறண்ட மாதங்களில், இரவுக் குளிராலும் பகல் வெயிலாலும் கொழுந்து குறையும். கொழுந்து குறையின் வேலை நாளும் குறையும். மேலதிகக் கொழுந்துக்குரிய பணமும் அற்றுப்போகும். நிறை தேறாதவிடத்து ‘அரைப்பேர்’ விழும். இதே மாதங்களிற்றான் சிவனொளிபாதமலை யாத்திரை உச்சமடைகின்றது. மார்கழிப் பௌர்ணமியளவில் தொடங்கி வெசாக் வரை நிகழும் இப்பருவத்தில், அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டம் கடைத்தெருவை நிறைக்கும். நகரிற் பணம் பெருகுகின்ற அதே வேளையில், நகரைச் சூழ்ந்த லயங்களிற் பணம் வற்றுகின்றது. ஒரே தெருவில் இரு பொருளாதாரங்கள் அருகருகே நடமாடுகின்றன.

சித்திரையில் மழை விழுந்து கொழுந்து துளிர்க்கையில் நிலைமை மாறும். புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான பண்டிகையாதலால் அவ்வாரச் சந்தை ஆண்டின் பெருஞ்சந்தைகளுள் ஒன்றாகும். ஆயினும் கொழுந்து மிகும் காலத்தில் ஞாயிறும் முழு ஓய்வாக அமைவதில்லை. ‘கைக்காசு’க்குக் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண், சந்தைக்குரிய பொழுதை விற்றே சந்தைக்குரிய பணத்தைப் பெறுகின்றாள். அவள் உழைப்பின் பயன் அவள் கைக்கே வந்ததென்றும் கூறவியலாது. பெண்களின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நிலவியதை ஆய்வாளர் பலர் பதிவுசெய்துள்ளனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி என்பது 1984இலேயே நடைமுறைக்கு வந்தது. சந்தைக் கூடையைச் சுமந்தவர் யார், மடியிற் காசை வைத்திருந்தவர் யார் என்னும் வினா, மலையகக் குடும்பத்தின் அதிகார அமைப்பையே தொடுகின்ற வினாவாகும்.

சந்தை என்ற பொதுவெளி

சந்தையின் பயன் பண்டங்களோடு முடிவதன்று. தோட்டம் ஒரு மூடிய உலகமாக இருந்தது. அத்துமீறிப் பிரவேசித்தல் பற்றிய சட்டம் அயலார் லயங்களுக்குள் நுழைவதைத் தடுத்தது. தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிய விரும்பிய கோ. நடேசய்யர், புடைவை வியாபாரியைப் போன்று வேடமிட்டே தோட்டங்களுக்குட் சென்றார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. அரசியலுக்கு மூடியிருந்த கதவு வியாபாரத்திற்குச் சற்றே திறந்திருந்தது என்பதை இது காட்டுகின்றது. பின்னர் 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளரிடையே பாடல்கள் வழியாக விழிப்பூட்டினார்.

வெவ்வேறு தோட்டங்களைச் சேர்ந்தோர், துரையின் பார்வைக்கும் கங்காணியின் காதுக்கும் அப்பால் ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பைச் சந்தை நாள் அளித்தது. பெண் கேட்டதும், சாவுச் செய்தி சொன்னதும், அயற்றோட்டத்தில் நடப்பதை அறிந்ததும் ஆங்கேதான். தமிழ்த் தொழிலாளியும் சிங்களக் கிராமத்தவரும் முஸ்லிம் வணிகரும் நாள்தோறும் பேசிப் பழகிய இடமும் அதுவே. வெற்றிலையும் பாக்கும் பலாக்காயும் கித்துள் கருப்பட்டியும் கிராமத்திலிருந்து வந்தன. தோட்டத்துக் கூலி கிராமத்திற்குச் சென்றது. இரு சமூகத்து உழைப்பாளரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர் என்பதைச் சந்தை அன்றாடம் மெய்ப்பித்தது. 1983 ஆடி வன்செயலில் மலையக நகரங்களின் கடைகள் எரிந்தபோது, சாம்பலானவை கடைகள் மட்டுமல்ல; இப்பழக்கத்தின் நம்பிக்கையுந்தான்.

நீரில் மூழ்கிய ஊர்

மஸ்கெலியாச் சந்தையின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஏனைய ஊர்களில் இல்லாத இடர்ப்பாடு ஒன்றுண்டு. பழைய ஊரே இன்று நிலத்தின் மேல் இல்லை. மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் நிறைவுற்ற மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய நகரை மூழ்கடித்தது. கடைத்தெருவும் வழிபாட்டிடங்களும் நீருள் அடங்க, புதிய நகர் மேட்டுநிலத்தில் எழுந்தது.

கோடை நீடித்து நீர்மட்டம் தாழும் ஆண்டுகளிற் பழைய கோயிலின் கற்கட்டிடமும் ஏனைய சிதைவுகளும் வெளிப்படுகின்றன. மக்கள் சேற்றைக் கடந்து சென்று அவற்றைப் பார்க்கின்றனர். முதியோர் இன்ன இடத்தில் இன்ன கடை இருந்ததென்று இளையோர்க்குக் காட்டுகின்றனர். நாட்டிற்கு மின்னொளி தந்த திட்டத்தின் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஒளிக்காகத் தம் ஊரை இழந்த மக்களுட் பலர் அக்காலத்திற் பிரசாவுரிமையும் அற்றவராக இருந்தனர். 1948இன் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டிருந்தது. ஊர் மூழ்கிய ஆண்டுகளில், எந்நாட்டிற் சந்தைக்குப் போகப்போகின்றோம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாதிருந்தது.

பஞ்சமும் விலையும்

வாங்குவோராக மட்டும் நிற்பதன் ஆபத்தை 1973–74ஆம் ஆண்டுகள் வெளிப்படுத்தின. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. பங்கீட்டு அரிசி குறைந்தது. அரிசியை இடத்துக்கிடம் கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. நெல் விளைவித்த கிராமத்தவனுக்குத் தன் வயல் ஓரளவு காப்பாயிற்று. தோட்டத் தொழிலாளிக்கு அக்காப்பு இல்லை. அவ்வாண்டுகளில் தோட்டங்களின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது என்பது புள்ளிவிபரங்கள் நிறுவிய உண்மை.

அதே காலத்தில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் யாழ்ப்பாணத்து விவசாயிகள் வளம்பெற்றனர். அவ்வளத்தை நாம் பெருமையோடு பேசுகின்றோம். மறுபுறத்தில் அதே மிளகாய் மஸ்கெலியாத் தொழிலாளிக்கு எட்டாப் பொருளாயிற்று என்பதை நம் ஆய்வுகள் போதிய அளவு பேசியதில்லை. ஒரே மொழி பேசுவோர் சந்தையின் இரு பக்கங்களிலும் நின்றனர். மொழி ஒற்றுமை வர்க்க வேறுபாட்டை மறைத்துவிடுவதில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறியபோதிலும் சந்தையில் தொழிலாளியின் இடம் மாறவில்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்ந்தது. அடுத்த ஆண்டின் நெருக்கடியில், 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. நெடுநாட் போராடிப் பெற்ற கூலி உயர்வைச் சந்தை சில மாதங்களுக்குள்ளேயே விழுங்கிவிட்டது. 1929இன் அரிசிக் கணக்கு வேறு உருவிற் திரும்பிற்று எனலாம்.

முடிவுரை

லயத்து வாசலில் ஒரு பாத்தி நிலத்திற் போஞ்சியோ கீரையோ பயிரிட்டு, தேவைக்கு மிஞ்சியதைச் சந்தைக்குக் கொண்டுவரும் தொழிலாளரையும் நாம் காண்கின்றோம். மாடு வளர்த்துப் பால் விற்போரும் உளர். வாங்குவோர் விற்போராகவும் மாறுகின்ற இச்சிறு தொடக்கம் கருத்திற் கொள்ளத்தக்கது. ஆனால் அப்பாத்தி அவர்களுக்கு உரிமையானதன்று. தோட்டத்தின் அனுமதியில் நிற்பது. வீட்டுக்கென ஏழு பேர்ச்சஸ் நிலம் வழங்கும் திட்டம் கடந்த பத்தாண்டில் தொடங்கியது வரவேற்கத்தக்கதே. எனினும் ஏழு பேர்ச்சஸ் வீடாகுமேயன்றி விளைநிலமாகாது.

ஆகவே சந்தையின் வினா ஈற்றில் நிலத்தின் வினாவாகின்றது. காடழித்துக் கழனி கண்டவனுக்கு அக்கழனியிற் பங்கு வரும்வரை, அவன் விலையின் தயவிலேயே வாழ வேண்டியிருக்கும். இவ்வரலாற்றை எழுதுவதற்குரிய சான்றுகள் அரசாங்க அறிக்கைகளிலும் தோட்டக் கணக்கேடுகளிலும் ஓரளவே உள்ளன. எஞ்சியவை, பழைய மஸ்கெலியாவின் கடைத்தெருவில் நடந்து திரிந்த முதியோரின் நினைவிலேயே உள்ளன. நீர் வற்றும் கோடைகளிற் கல் வெளிப்படும்; அக்கல்லைச் சுட்டிக் கதை சொல்வோர் என்றும் இருக்கமாட்டார். அவர்கள் இருக்கும்போதே அக்கதைகளைக் கேட்டு எழுதிவைப்பது நம் தலைமுறை ஆய்வாளரின் கடனாகும்.