கடலுக்கு மேலே ஒரு காது: இந்தியக் கடற்படை விமானங்களின் நீர்மூழ்கித் தேடல்

1971 டிசம்பர் 9 இரவு. டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருந்தன குக்ரி, கிர்பான் என்ற இரண்டு இந்தியப் போர்க்கப்பல்கள். ஹங்கோர் அவற்றை முன்பே கண்டுகொண்டுவிட்டது. பிரான்சில் கட்டப்பட்ட அந்த டாஃப்னே வகை நீர்மூழ்கியின் சோனாருக்கு, இந்தியக் கப்பல்களின் சோனாரைவிட எட்டும் தூரம் அதிகம். டார்ப்பிடோ பாய்ந்து சில நிமிடங்களில் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலைவிட்டு இறங்காமல் அதனோடே போனார்.

குக்ரியின் மேல்தளத்தில் ஒரு ஹெலிகாப்டர் இறங்க இடம் கிடையாது. அந்தக் காலத்துக் கப்பல் அது. நீர்மூழ்கியைத் தேடிப்போகும் கப்பல் தன் எஞ்சின் இரைச்சலாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எதிரியோ அசையாமல் ஆழத்தில் கிடந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். இந்தச் சமனற்ற போட்டியைச் சரிசெய்ய வல்லவை விமானமும் ஹெலிகாப்டரும். வானில் பறக்கும் ஒன்றின் மீது நீர்மூழ்கியால் டார்ப்பிடோ எய்ய முடியாது. இந்தியக் கடற்படை இந்த உண்மையை அறிந்தே இருந்தது. அதைக் கருவிகளாக மாற்ற அது எடுத்துக்கொண்ட அரை நூற்றாண்டில், இறக்கை விமானத்துக்கு ஒரு கதையும் ஹெலிகாப்டருக்கு வேறொரு கதையும் உண்டு.

தொடக்கம் எளிமையானது. 1953-இல் கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா தளம் தொடங்கப்பட்டபோது கடற்படையிடம் இருந்தவை சீலேண்ட் என்னும் சிறிய நீர்நில விமானங்கள். 1961-இல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் வந்தபோது, அதோடு பிரான்சின் அலிசே விமானங்களும் வந்தன. மூன்று பேர் அமரும், ஒற்றை எஞ்சின் கொண்ட அந்த விமானம்தான் நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கடற்படை வாங்கிய முதல் விமானம். 1971 போரின்போது விக்ராந்த் வங்கக்கடலில் இருந்ததால், அலிசே விமானங்களில் பெரும்பாலானவையும் அங்கேதான் இருந்தன.

பிரிட்டனின் சீகிங் ஹெலிகாப்டர்கள் குக்ரி மூழ்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இந்தியா வந்திருந்தன. அவற்றுக்கான 330-ஆம் படைப்பிரிவு 1971 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. புதிய இயந்திரம், புதிய வீரர்கள், முழுமையாகப் பழகும் முன்பே போர். ஹங்கோரைப் பல நாள் தேடியும் அது தப்பிக் கராச்சி போய்ச் சேர்ந்தது.

சீகிங் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வெப்பமண்டலக் கடலில் ஒலி நேர்கோட்டில் போவதில்லை. வெயில் ஏற ஏற மேல்மட்ட நீர் சூடாகிறது. கீழே நீர் குளிர்ந்தே இருக்கிறது. ஒலி குளிர்ந்த நீரை நோக்கி வளையும் இயல்புடையது. கப்பலின் அடிப்பாகத்தில் பொருத்திய சோனார் அனுப்பும் ஒலி சிறிது தூரத்திலேயே கீழ்நோக்கி மடங்கிவிட, அதற்கப்பால் ஒலி எட்டாத ஒரு நிழற்பகுதி உண்டாகிறது. காலையில் நன்றாகக் கேட்ட சோனார் பிற்பகலில் மந்தமாகிப்போவது இதனால்தான். அனுபவமுள்ள நீர்மூழ்கித் தலைவன் அந்த நிழலில்தான் ஒதுங்குவான்.

சீகிங் கடல்மட்டத்துக்குச் சில பத்து அடி உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். அதன் வயிற்றிலிருந்து ஒரு கம்பிவடம் இறங்கும். வடத்தின் முனையில் உள்ள சோனார் குண்டு சூடான மேலடுக்கைத் தாண்டி, குளிர்ந்த நீருக்குள் போய் நின்று ஒலி எழுப்பும், எதிரொலியைக் கேட்கும். சில நிமிடங்களில் குண்டை மேலே சுருட்டிக்கொண்டு சில மைல் தள்ளிப்போய் மீண்டும் இறக்கும். அடுத்த முங்கல் எங்கே என்று நீர்மூழ்கிக்குத் தெரியாது. இரண்டு ஹெலிகாப்டர்கள் மாறி மாறி முங்கினால், ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் நீர்மூழ்கி திணறும். இருட்டில், அடையாளமே இல்லாத நீர்ப்பரப்பின் மேல், காற்றில் அசையாமல் நிற்பது விமானிக்குப் பெரும் சோதனை. ஹெலிகாப்டர் ஓட்டிகளில் இவர்களைத் தனி இனமாகவே மதிக்க வேண்டும்.

இறக்கை விமானங்களின் கதை ஒரு நிர்வாகச் சிக்கலில் தொடங்குகிறது. கரையிலிருந்து கிளம்பிக் கடலை நெடுந்தூரம் கண்காணிக்கும் பொறுப்பு 1976 வரை விமானப்படையிடம் இருந்தது. ஏர் இந்தியா பயன்படுத்திக் கழித்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களை வைத்து அது அந்த வேலையைச் செய்தது. கண் ஒரு படையிடம், கை வேறொரு படையிடம். 1971 போர் இந்த ஏற்பாட்டின் பலவீனத்தைக் காட்டியது. நீண்ட வாதத்துக்குப் பிறகு 1976-இல் பொறுப்பு கடற்படைக்கு மாறியது. அந்தப் பழைய விமானங்களோடு கோவாவின் டபோலிமில் 312-ஆம் படைப்பிரிவு உருவானது. கடற்படை வான்பிரிவின் வரலாற்றில் எந்த விமானக் கொள்முதலையும்விட இந்த நிர்வாக முடிவுக்கே பெரிய இடம் தர வேண்டும்.

அடுத்த ஆண்டு சோவியத்தின் ஐ.எல்.-38 வந்தது. வால்பகுதியில் நீண்டிருக்கும் காந்த உணரி, கடலுக்குள் கிடக்கும் இரும்பு உடல் பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு மாற்றத்தைப் பிடிக்கும். 2002 அக்டோபர் 1-ஆம் தேதி, ஐ.எல்.-38 படைப்பிரிவின் வெள்ளிவிழா நாளிலேயே, கோவா வானில் இரண்டு ஐ.எல்.-38 விமானங்கள் மோதி அவற்றில் இருந்த 12 பேரும் உயிரிழந்தனர். எஞ்சியவை ரஷ்யாவில் புதுப்பிக்கப்பட்டுப் பறந்தன. கடைசி விமானம் 2023 அக்டோபர் 31 அன்று ஓய்வு பெற்றது.

1988-இல் வந்த டி.யு.-142 முற்றிலும் வேறு அளவு. ஐம்பது மீட்டர் இறக்கை விரிவு, நான்கு டர்போபிராப் எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகள். உலகின் வேகமான விசிறி விமானக் குடும்பம் அது. எட்டு விமானங்கள் வந்தன. இந்தியப் பெருங்கடலின் தென்கோடி வரை போய்த் திரும்பும் வல்லமை அப்போதுதான் இந்தியாவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் மாலத்தீவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்றதும், கூலிப்படையினர் பணயக் கைதிகளோடு புரோகிரஸ் லைட் என்ற கப்பலில் தப்பினார்கள். கடற்படையின் ரோந்து விமானங்கள் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்துப் பின்தொடர, கோதாவரி, பேத்வா என்ற போர்க்கப்பல்கள் அதை மடக்கின. முதலில் கண்டது விமானம் என்பதால்தான் கப்பலால் பிடிக்க முடிந்தது.

இவ்வளவு பெரிய விமானத்துக்கு ஓடுதளமும் அதற்கேற்ப வேண்டும். சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள அரக்கோணத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் ஒன்று கிடந்தது. அங்கே நான்கு கிலோமீட்டருக்கும் மேலான ஓடுதளத்தோடு எழுந்தது ஐ.என்.எஸ். ராஜாளி. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதைத் தொடங்கிவைத்தார். டி.யு.-142 விமானங்கள் கோவாவிலிருந்து இங்கே குடிபெயர்ந்தன. கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளின் பயிற்சிப் பள்ளியும் இங்கேதான் இயங்குகிறது. கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியான அனாமிகா பி. ராஜீவ் 2024 ஜூனில் இந்தத் தளத்தில்தான் சின்னம் பெற்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் ராஜாளியின் ஓடுதளத்திலிருந்து கிளம்பியதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

தமிழகத்தின் தென்கிழக்கே ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியிலும் கடற்படைக்குத் தளம் உண்டு. 1980களில் சிறு பிரிவாகத் தொடங்கி, 2009-இல் ஐ.என்.எஸ். பருந்து என்ற முழுத் தளமானது. பாக் நீரிணையின் ஆழமற்ற நீரில் நீர்மூழ்கிக்கு இடமில்லை. அங்கே தேவைப்படுவது படகுகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருக்கும் கண். சேத்தக் ஹெலிகாப்டர்கள், டோர்னியர் விமானங்கள், பிறகு ஆளில்லா விமானங்கள் அந்த வேலையைச் செய்தன.

டி.யு.-142-இன் காலம் 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் முடிந்தது. அதன் இடத்தை எடுத்துக்கொண்ட பி-8ஐ அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2013 மே மாதம் அங்கே தரையிறங்கிவிட்டது. 2009-இல் 210 கோடி டாலருக்கு எட்டு விமானங்கள், 2016-இல் மேலும் நான்கு. போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலில் கட்டப்பட்ட இது வெளித்தோற்றத்தில் சாதாரணமாகவே இருக்கும். உள்ளே ஜன்னல் வரிசைக்குப் பதிலாகத் திரைகள், அவற்றின் முன்னே ஒலியைப் படிக்கும் வல்லுநர்கள்.

இதன் முதன்மைக் கருவி சோனோபாய். ஒரு முழம் அகலம்கூட இல்லாத நீண்ட உருளை அது. விமானம் அதைக் கடலில் போட்டதும் நீரைத் தொட்டு இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி ஆன்டெனாவோடு மேலே மிதக்கும்; மறுபகுதியான ஒலிவாங்கி கம்பியில் தொங்கியபடி ஆழத்துக்கு இறங்கும். கேட்ட ஒலியை ரேடியோ அலையாக மேலே அனுப்பிக்கொண்டே இருந்து, பேட்டரி தீர்ந்ததும் தானே மூழ்கிவிடும். பி-8ஐ ஒரே பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சுமக்கும். பரந்த கடலில் அவற்றை வரிசையாக இட்டால், எந்த உருளையில் ஒலி முதலில் விழுந்தது, எதில் வலுத்தது என்று பார்த்து நீர்மூழ்கியின் போக்கைக் கணிக்கலாம். பிறகு மார்க்-54 டார்ப்பிடோ. கப்பல்களுக்கு ஹார்பூன் ஏவுகணை. அமெரிக்காவின் பி-8ஏ விமானங்களில் வாலில் காந்த உணரி இல்லை. இந்தியா அதை வற்புறுத்திக் கேட்டு வாங்கியது. பின்பக்கத்தைப் பார்க்கும் தனி ரேடாரும் இந்திய விமானங்களில் உண்டு. தகவல் தொடர்புக் கருவிகள் சிலவற்றை பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தது.

பி-8ஐ செய்த வேலைகளில் பெரும்பகுதி நீர்மூழ்கித் தேடல் அல்ல. 2014-இல் காணாமல்போன மலேசிய விமானத்தைத் தேடியது. டோக்லாமிலும் லடாக்கிலும் சீனப் படைகளைக் கண்காணிக்க மலைமேல் பறந்தது. 2024 மார்ச்சில் இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டரில், சோமாலியக் கடற்கொள்ளையர் வசமிருந்த ரூவன் என்ற சரக்குக் கப்பலை ஐ.என்.எஸ். கொல்கத்தா 40 மணி நேரம் விடாமல் துரத்தி மடக்கியபோது, மேலிருந்து பி-8ஐயும் ஆளில்லா சீ கார்டியனும் பார்த்துக்கொண்டிருந்தன. 35 கொள்ளையர்கள் சரணடைந்தார்கள். 17 மாலுமிகள் உயிரோடு மீண்டார்கள்.

இத்தனை திறன் இருந்தும் ஒரு சம்பவம் நெஞ்சில் தங்கிவிட்டது. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டது. கடற்படையும் கடலோரக் காவல்படையும் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் கப்பல்களையும் இறக்கின. ஆனால் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர் பகுதிப் படகுகள் எங்கே இருந்தன என்பதே கரையில் யாருக்கும் தெரியவில்லை. காணாமல்போனவர்களின் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, தேடல் இன்னும் ஆழ்கடலுக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. எவ்வளவு கூர்மையான ரேடாரும், கொந்தளிக்கும் கடலில் கவிழ்ந்து கிடக்கும் மரப்படகை எளிதில் பிடிக்காது. எங்கே தேட வேண்டும் என்ற தகவல் அதற்கு முதலில் கிடைக்க வேண்டும். படகுகளுக்கு செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் தரும் திட்டம் பிறகுதான் வேகம் பெற்றது. அது முன்பே வந்திருக்க வேண்டும்.

இறக்கை விமானங்கள் கண்ட ஏறுமுகம் ஹெலிகாப்டர்களின் கதையில் இல்லை. 1980களின் இறுதியில் சீகிங் 42பி வந்தது. முங்கு சோனாரோடு சீ ஈகிள் ஏவுகணையும் ஏந்திய அது, அன்றைக்கு உலகத் தரமானது. 1998-இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்தது. ஹெலிகாப்டர் பிரிட்டனுடையதுதான், அதன் பாகங்களில் பல அமெரிக்காவிலிருந்து வருபவை. உதிரிபாகம் இல்லாமல் சீகிங்குகள் தரையில் நின்றன. அந்த அடியிலிருந்து அந்தப் படைப்பிரிவு முழுமையாக மீளவே இல்லை. ரஷ்யாவின் காமோவ் ஹெலிகாப்டர்கள் ஓரளவு ஈடுகொடுத்தன. சேத்தக் 1960களின் வடிவம். இன்றும் கப்பல்களில் பறக்கிறது.

உள்நாட்டில் எச்.ஏ.எல். உருவாக்கிய துருவ் 1992-இல் முதலில் பறந்தது. கப்பல் கொட்டகைக்குள் அடங்கும்படி அதன் விசிறி இறக்கைகளை மடிக்கும் ஏற்பாடு கடற்படையின் தேவைக்கு ஒத்துவரவில்லை; நீர்மூழ்கி வேட்டைப் பொறுப்பு அதற்குக் கிடைக்கவில்லை. ரேடாரும் இரவுக் கேமராவும் பொருத்திய அதன் மூன்றாம் வடிவம் கரையோரக் கண்காணிப்புக்கும் மீட்புக்கும் நல்ல இயந்திரம். ஆனால் 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஒன்று விழுந்து மூவர் இறந்ததும், முப்படைகளின் துருவ்களும் பல மாதம் தரையில் நிறுத்தப்பட்டன. ஒரே இயந்திரத்தை எல்லாரும் நம்பியிருப்பதன் விலை அது.

இறக்குமதி முயற்சியும் இழுத்தடித்தது. 16 எஸ்-70பி ஹெலிகாப்டர்கள் தேர்வாகிப் பல ஆண்டு பேச்சுக்குப் பிறகு 2017-இல் அந்தக் கொள்முதல் ரத்தானது. இதற்கிடையே 2014-இல் கடற்படையில் சேர்ந்த கமோர்த்தா, நீர்மூழ்கி எதிர்ப்புக்கென்றே கட்டப்பட்ட கப்பல். அதற்குரிய நவீன ஹெலிகாப்டர் அன்று கைவசம் இல்லை. 2020-இல்தான் 24 எம்.எச்-60ஆர் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. முங்கு சோனார், சோனோபாய், டார்ப்பிடோ, ஹெல்ஃபயர் ஏவுகணை எல்லாம் ஒரே உடலில். அவற்றின் முதல் படைப்பிரிவு 2024 மார்ச் 6 அன்று கொச்சியில் தொடங்கியது.

கடற்படை முன்பு கணக்கிட்ட தேவை இவ்வகையில் 123. எச்.ஏ.எல். திட்டமிடும் கப்பல் ஹெலிகாப்டர் இன்னும் வடிவமைப்பு மேசையில் இருக்கிறது. சேத்தக்குக்கு மாற்றாக 111 ஹெலிகாப்டர்கள் வாங்க 2018-இல் தந்த ஒப்புதலும் பறக்கும் இயந்திரமாகவில்லை. நெடுந்தூரத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க அரக்கோணத்திலும் கோவாவிலும் பி-8ஐ விமானங்கள் இன்று தயார். கப்பலைச் சுற்றியுள்ள கடைசி இருபது முப்பது மைல்தான் போதிய காவலின்றிக் கிடக்கிறது. அதைக் காக்க பி-8ஐயால் முடியாது. அந்தக் கப்பலின் மேல்தளத்திலேயே நிற்கும் ஹெலிகாப்டரால்தான் முடியும். ஒரு போர்க்கப்பலைக் கட்டத் தொடங்கும் நாளிலேயே அதன் ஹெலிகாப்டருக்கும் பணம் ஒதுக்குவதைப் பாதுகாப்பு அமைச்சகம் கட்டாய விதியாக்க வேண்டும்.