ஒரு வாளியும் ஒரு புள்ளியும்

இன்று "லொகேஷன் அனுப்பு" என்றால் ஒரே தட்டு. 2000-ல் அப்படி இல்லைங்க.

அதுவரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும்.

2000 மே 2. அந்தப் பிழை நிறுத்தப்பட்டது.

மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் எண்களாகச் சொன்னார்.

வடக்கு 45° 17.460'
மேற்கு 122° 24.800'

மூன்றே நாளில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். ஜியோகேச்சிங் பிறந்தது இப்படித்தான்.

ஆனால் இந்த எண்களைக் கையடக்கக் கருவியில் ஒவ்வொன்றாக அடிக்கணும். சிக்கலே அங்கதான்.

17.460 என்பது நிமிடம். அதை டிகிரி என்று நினைத்து 45.17460 என்று அடித்தால்? சுமார் 13 கி.மீ. தெற்கே போய் நிற்பீங்க!

பிறகு கேபிள் வழியாக ஜிபிஎக்ஸ் கோப்பையே ஏற்றும் வசதி வந்தது. கைப்பிழை குறைந்தது.

மருந்து அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்னாகும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். இதுவும் அதே கதைதான்.

அவசரத்தில் யாராவது இடத்தை எண்ணாக அனுப்பினால், அது டிகிரியா நிமிடமா என்று முதலில் பாருங்கள்.