விடுவதற்கும் வழி வேண்டும்: சைக்கிளும் கறியும் பற்றிய ஒரு சேரி வரலாறு



நினைவுப் பேருரை என்றால் நினைவுகூரப்படுபவர் எழுதிய நூல்களையும் வகித்த பொறுப்புகளையும் வரிசைப்படுத்திப் பேசுவது வழக்கம். நாம் இன்று நினைவுகூரும் தோழர் நூல் எதுவும் எழுதவில்லை. பொறுப்பு எதிலும் இருக்கவில்லை. நம் அரங்கின் இதழ்க் கட்டுகளைச் சைக்கிள் கேரியரில் கட்டி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சுற்றுவட்டச் சேரிகளுக்குக் கொண்டுசேர்த்தவர் அவர். அவர் பெயரைச் சொன்னதும் நமக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, அந்தச் சைக்கிள். இன்னொன்று, கறியை விட்டுவிட்டேன் என்று அவர் தம் வாழ்நாளில் மூன்று முறை அறிவித்ததும் மூன்று முறையும் கறிக்குத் திரும்பியதும். இரண்டையும் நாம் கேலியாகவே பேசிவந்தோம். அவர் போன பிறகு, அவர் அவ்வப்போது சொன்னவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்தபோது, அந்தக் கேலிக்குள் நம் வரலாறு ஒன்று கிடப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

1. வண்டியில் யார் ஏறுவது?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது என்று அந்தப் பட்டியல் போகிறது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. திருமண ஊர்வலத்தில் குதிரை ஏறக் கூடாது, எந்தக் காரியத்துக்கும் எந்த வண்டியையும் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. அக்காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1924இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் பொது அலுவலகத்தையும் எவரும் பயன்படுத்தலாம் என்பதே அது. அரசாங்கம் அதை ஏற்று அறிவித்தது. காகிதத்தில் தெரு திறந்துவிட்டது. தெருவில் இருந்தவர்கள் திறக்கவில்லை.

வண்டி என்பது நமக்கு எப்படிப்பட்ட விஷயமாக இருந்தது என்பதை அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலிருந்தே பார்க்கலாம். 1901இல் சிறுவனாக அவர் தந்தையைப் பார்க்கக் கோரேகானுக்குப் போனபோது, சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொண்டார். அதற்கும் ஒரு நிபந்தனை: வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1929இல், பாரிஸ்டர் பட்டம் பெற்ற அம்பேத்கர் சாலிஸ்கானில் இறங்கினார். குதிரைவண்டிக்காரர் எவரும் அவரை வைத்து ஓட்ட முன்வரவில்லை. விருந்தினரை நடக்கவைப்பது மரியாதை இல்லை என்று நினைத்த மகர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் அம்பேத்கர் கல்தரையில் தூக்கியெறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றுக்குள் விழுந்தன.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் சிக்கல் ஒன்றுதான். வண்டி கிடைக்கிறது, ஓட்ட ஆள் கிடைப்பதில்லை. இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் சைக்கிளின் அருமை புரியும். ஓட்ட இன்னொருவர் தேவைப்படாத வண்டி அது. தீவனம் போட வேண்டாம், கட்டிவைக்கத் தொழுவம் வேண்டாம், எவர் பக்கத்திலும் உட்கார அனுமதி கேட்க வேண்டாம். 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகும் புதுச் சைக்கிள் நம் வீடுகளுக்கு எட்டாத பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. நமக்கு வாய்த்தது அவர் சைக்கிள். மணிக்கு இத்தனை காசு என்று கடையில் எடுத்து, சீட்டில் கால் எட்டாமல் பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் நம்மில் பலர் கற்றோம்.

2. முதல் முறை

நம் தோழரும் அப்படித்தான் கற்றார். 1960களின் கடைசி. உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கறி தின்கிறவன் மூளையில் படிப்பு ஏறாது என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து, இனி எனக்குக் கறி வேண்டாம் என்றார். கூரையின் கீழ்க் கொடியில் தொங்கிய உப்புக்கண்டத்தின் பக்கம் பார்க்காமல் ஏழெட்டு மாதம் இருந்தார். நெற்றியில் திருநீறு, வாயில் கவுச்சி இல்லை. இனி நம்மை யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் அவர் சைக்கிளை எடுத்து ஊர்த்தெரு வழியாக வந்தார். திண்ணையில் இருந்த ஒருவர் இறங்கச் சொன்னார். இறங்கினார். தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போனார். கறியை விட்டவர் என்பது அந்தத் திண்ணைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அன்று இரவு அம்மாவிடம் கறிக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சமூகவியல் வகுப்பில் நாம் சமஸ்கிருதமயமாக்கம் என்ற கருத்தைப் படிக்கிறோம். 1952இல் வெளிவந்த குடகு மக்கள் பற்றிய நூலில் எம்.என். சீனிவாஸ் அதை முன்வைத்தார். கீழே வைக்கப்பட்ட சாதி ஒன்று, மரக்கறி உணவையும் மதுவிலக்கையும் மேல்சாதிச் சடங்குகளையும் ஏற்றுக்கொண்டு ஓரிரு தலைமுறையில் படிநிலையில் மேலே நகர முடிந்தது என்பது அதன் சாரம். தீண்டாமைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களுக்கு இது பொருந்தவில்லை என்பதை அந்தச் சிறுவன் ஒரு தெருவின் நீளத்தில் கற்றுக்கொண்டான். பெரியபுராணத்து நந்தனாரை நினைத்துப் பாருங்கள். கோயில் முரசுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தவர் அவர். தோல் உள்ளே போனது. தோல் கொடுத்தவர் உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது.

3. இரண்டாம் முறை

1927 மார்ச் 19, 20 தேதிகளில் நடந்த மகாடு மாநாட்டை நாம் குளத்துத் தண்ணீருக்காக நினைவுகூர்கிறோம். அதே மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியைத் தின்பதை விட்டுவிடுங்கள் என்றும் அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். இதை மேலோட்டமாகப் படிக்கிறவர்கள், நம் ஆசிரியர் சொன்னதையே அம்பேத்கரும் சொன்னதாக நினைத்துவிடுகிறார்கள். அது பெரும் பிழை.

ஊரில் மாடு செத்தால் தூக்கிப்போக வேண்டியது சேரியின் கடமை. மறுக்க முடியாது. அதற்குக் கூலி என்று தனியாக எதுவும் கிடையாது. அந்த மாடே கூலி. ஆகவே செத்த மாட்டின் இறைச்சி என்பது ஒரு கட்டாய வேலையின் ஊதியம். அதை விடுவது என்றால் அந்த வேலையை விடுவது. மகாடுக்கு அடுத்த ஆண்டே, 1928இல், பரம்பரை ஊர் வேலையோடு மகர்களைக் கட்டிப்போட்ட வதன் முறையை மாற்ற அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1948இல் வெளியான தீண்டத்தகாதவர்கள் பற்றிய தம் நூலில், ஒருகாலத்தில் மாட்டிறைச்சி தின்ற பார்ப்பனர்கள் பௌத்தத்தோடு நடந்த போட்டியில் அதை விட்டார்கள் என்று அவர் வாதிட்டார். கறியை விடுவதும் தின்பதும் அதிகாரத்தின் வரலாறு, நாக்கின் வரலாறு மட்டும் இல்லை என்பதே அந்த நூல் நமக்குக் கற்றுத்தந்தது.

அம்பேத்கர் நூற்றாண்டான 1991இல் நம் தோழரின் சேரி இளைஞர்கள் கூடி, இனி செத்த மாடு தூக்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். தோழர் ஒரு படி மேலே போய், எல்லாக் கறியையும் விட்டுவிடுவோம் என்றார். அவருடைய அம்மா குறுக்கிட்டார்: "செத்தத தூக்க மாட்டோம்னு சொல்லு, நானும் உங்கூட வர்றேன். காசு குடுத்துக் கடையில வாங்குறத ஏண்டா வுடச் சொல்ற?" பள்ளிக்கூடம் போகாத அந்தத் தாய் மகாடு உரையின் சாரத்தை மகனைவிடச் சரியாகப் பிடித்திருந்தார். தோழரின் இரண்டாவது விரதம் மூன்று வாரத்தில் முடிந்தது. மாடு தூக்குவதில்லை என்ற முடிவு நிலைத்தது.

எப்படி நிலைத்தது என்பதுதான் முக்கியம். மறுத்த மறுவாரமே ஊரில் வேலை நின்றது. களத்து நெல் நின்றது. அந்தச் சேரியில் அப்போது நான்கு சைக்கிள்கள் இருந்தன. ஒன்றுக்கு இருவராக எட்டுப் பேர் விடியுமுன் கிளம்பி, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். ஊர்த்தெருவில் இறங்கவில்லை. இறங்கினால் வேலைக்கு நேரமாகிவிடும். அவர்கள் கொண்டுவந்த கூலியில்தான் அந்த மறுப்பு உயிரோடு இருந்தது. சைக்கிள் இல்லாத சேரிகளில் அதே ஆண்டு அதே முடிவு எடுக்கப்பட்டு, பத்து நாளில் பெரியவர்கள் போய்ச் சமாதானம் பேசித் திரும்ப மாடு தூக்கியதையும் தோழர் சொல்வார். மானம் இல்லாமல் அவர்கள் திரும்பவில்லை. வேறு வேலைக்குப் போக வழி இல்லாமல் திரும்பினார்கள்.

இதில் நாம் மறைக்கக் கூடாத பக்கம் ஒன்று உண்டு. சைக்கிளில் போனவர்கள் ஆண்கள். பெண்கள் அதே வயல்களில் வேலை கேட்டு, அதே வசவுகளை வாங்கிக்கொண்டு நின்றார்கள். மறுப்பின் பாதிச் சுமை அவர்கள் முதுகில் இருந்தது. அதே காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வயல் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி, பாரில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டினார்கள். நம் தோழரின் சேரிக்கு அப்படி ஓர் இயக்கம் வரவில்லை. வந்திருந்தால் அந்த எட்டுப் பேர் பதினாறு பேராகியிருப்பார்கள்.

4. மூன்றாம் முறை

2015இல் தோழருக்கு அறுபது தாண்டியிருந்தது. மருத்துவர் மாட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னார். முகம் சுளிக்காமல் விட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று உத்தரப்பிரதேசத்தின் தாத்ரி அருகே, மாட்டிறைச்சி வைத்திருந்ததாகச் சொல்லி முகமது அக்லாக் அடித்துக் கொல்லப்பட்டார். அடுத்த ஞாயிறு தோழர் சைக்கிளை எடுத்துச் சந்தைக்குப் போய் அரைக்கிலோ வாங்கிவந்தார். மருத்துவர் சொன்னால் விடுவேன், மிரட்டுகிறவன் சொன்னால் விட முடியாது என்றார்.

2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த நம் சகோதரர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். மாட்டைத் தூக்க வைத்ததும் சாதி. தூக்கியதற்கு அடித்ததும் சாதி. அங்கே எழுந்த போராட்டம் செத்த மாடுகளை ஆட்சியர் அலுவலகத்தில் கொண்டுபோய்ப் போட்டது. கூடவே, குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நிலம் கேட்டது. இந்த இரண்டாவது கோரிக்கையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். விடுகிறவர்களுக்குப் பிழைக்க வழி வேண்டும் என்பது அங்கேயும் பேசப்பட்டது.

அதே ஆண்டு ஜனவரி 26 முதல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலம் போவதையும் தடுப்பது குற்றம் என்று அது பெயர் சொல்லியே கூறுகிறது. 1931இன் பதினோரு தடைகளையும் இந்தச் சட்டப் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் நாடாளுமன்றம் சைக்கிள் என்ற சொல்லை எழுதவேண்டி இருந்தது என்றால், அந்தத் திண்ணைகள் இன்னும் காலியாகவில்லை என்று பொருள்.

5. மாணவர்களுக்கு

உங்களில் சிலர் கறியை விட நினைக்கிறீர்கள் என்பது தெரியும். பௌத்தம் ஏற்று, கொல்லாமையை நெறியாகக் கொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் முதல் அந்த மரபு நமக்கு உண்டு. உடல்நலத்துக்காகவும் சுற்றுச்சூழலுக்காகவும் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்வது நம் வேலை இல்லை. தோழரைக் கேலி செய்ததே போதும்.

ஆனால் விடுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். விடச் சொல்வது யார்? வீட்டு வாசலில் சைவம் மட்டும் என்று பலகை மாட்டிய வீட்டுக்காரருக்காகவா, விடுதியில் தட்டை நகர்த்திக்கொண்டு உட்காரும் சக மாணவருக்காகவா? அப்படியானால் அந்தப் பலகையும் நகர்ந்த தட்டும் உங்கள் உணவுக்காக இடம் மாறப்போவதில்லை. இரண்டாவது கேள்வி: நீங்கள் விடுவதால் எந்தக் கட்டாய வேலை ஒழிகிறது, எந்தச் சாலை திறக்கிறது? மகாடுவில் விட்டதற்கு இந்தக் கேள்விக்கு விடை இருந்தது. வகுப்பறையில் விட்டதற்கு இல்லை.

ஒரு வேலையும் தர விரும்புகிறோம். உங்கள் சேரிக்கு முதல் சைக்கிள் எந்த ஆண்டு வந்தது, வாங்கியவர் யார், எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது, இறங்காமல் முதலில் போனவர் யார், அன்று என்ன நடந்தது, செத்த மாடு தூக்குவது எப்போது நின்றது, நின்ற பிறகு அடுப்பு எதை வைத்து எரிந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்வது வேறாக இருக்கும். எழுபதைத் தாண்டிய நினைவுகள் இவை. காத்திருக்காது.

தோழரின் சைக்கிள் இப்போது அவர் பேத்தியிடம் இருக்கிறது. செயினும் இரண்டு டயரும் மாற்றிவிட்டார். ஊர்த்தெரு வழியாகத்தான் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கப் போகிறார்.