ஊட்டியில் விதி எழுதிய ஆட்டம், கலர் வந்த பிறகுதான் புரிந்தது!

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்றால் தோல்தான் (பிரியாணியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம்!). பில்லியர்ட்ஸுக்கும் உயிர்நாடி ஒரு துண்டுத் தோல்தான் என்பது பலருக்குத் தெரியாது. கியூ என்கிற நீளக் கோலின் நுனியில் சுண்டுவிரல் நகமளவுக்கு அது ஒட்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர். வெறும் மரமுனை பந்தில் வழுக்கிவிடும், தோல் பிடித்துக்கொள்ளும். பந்தைச் சுழற்றுவதும், அடித்த பந்தைத் திரும்பத் தன் பக்கமே வரவழைப்பதும் இதனால்தான் முடிகிறது. இந்த வித்தையை வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டத் தொலைக்காட்சி பட்ட பாடு கொஞ்சமல்ல.

பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகள். அதன் வாரிசான ஸ்னூக்கரில் 22. 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் (பிற்காலப் பிரதமர் இல்லை, இவர் வேறு) தொடங்கிவைத்த ஆட்டம் அது. 1882இல் நம் ஊட்டி கிளப்பில்தான் அதன் விதிகளை எழுதி மாட்டினார்கள்.

சிக்கலே அந்த விதிகளில்தான். சிவப்புக்கு 1 புள்ளி, மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் ஒரே சாம்பல்! எதை அடிக்கிறார், எத்தனை புள்ளி என்று பார்ப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

1967இல் பிபிசி-2 கலருக்கு மாறியது. அதன் பொறுப்பில் இருந்தவர், பின்னாளில் காட்டுயிர்ப் படங்களால் புகழ்பெற்ற டேவிட் ஆட்டன்பரோ. வண்ணத்தைக் காட்ட, செலவில்லாத நிகழ்ச்சி ஒன்று வேண்டும். 1969 ஜூலை 23 அன்று 'பாட் பிளாக்' வந்தது. வாரம் ஒரே ஒரு ஃபிரேம், அவ்வளவுதான். ஆட்டக்காரர் காதில் விழக்கூடாதே என்று கிசுகிசுத்தே வர்ணனை செய்தார் டெட் லோ. கலர் பெட்டி வாங்காதவர்கள் மேல் இரக்கப்பட்டு, இளஞ்சிவப்புப் பந்து பச்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை விளக்கினாராம். பாவம், அவர்களுக்குப் பச்சையும் தெரியாதே!

1985 உலக சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் கடைசி கறுப்புப் பந்து விழும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. பிரிட்டனில் 1.85 கோடிப் பேர் விழித்திருந்து பார்த்தார்கள்.

நம் நாட்டுக் கதை சோகமானது. வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றபோது இந்தியாவில் தொலைக்காட்சியே கிடையாது. மைக்கேல் ஃபெரைரா 1977இல் வென்றபோது சென்னையில் தொலைக்காட்சி வந்து இரண்டே ஆண்டுதான், அதுவும் கறுப்பு வெள்ளை. கலர் வந்தது 1982இல். உலக சாம்பியன்களை நம்மவர்கள் பேப்பரில் படித்தே தெரிந்துகொண்டார்கள்.

அதிலும் நம்மவர்கள் கொடிகட்டிப் பறந்தது கேமராவுக்குத் தோதில்லாத பில்லியர்ட்ஸில். 1992 உலக தொழில்முறைப் போட்டியில் கீத் சேத்தி தொடர்ந்து 1276 புள்ளி எடுத்தார். மகத்தான சாதனை! ஆனால் அத்தனை நேரமும் எதிராளி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பிறகு 150 புள்ளியிலேயே முடியும் குட்டி ஆட்டங்கள் வந்தன. 2005இல் மால்டாவில் பங்கஜ் அத்வானி குட்டி ஆட்டம், நேரக்கணக்கு ஆட்டம் இரண்டிலும் பட்டம் வென்றார்.

இன்று மேலிருந்து ஒரு கேமரா, மேஜை ஓரத்தில் ஒரு கேமரா, ஸ்லோமோஷன் எல்லாம் இருக்கின்றன. பந்தின் எந்த இடத்தில் அந்தத் தோல் பட்டது என்பதை மட்டும் இன்னமும் பல நேரம் வர்ணனையாளர் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.