பெயர் கேட்டு வாங்கிய வம்பு

அரக்கோணம் சந்திப்பில் வண்டியை நிறுத்தித்தான் பெட்டி கோப்பார்கள். லினக்ஸ் கெர்னலோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூல் என்னும் பெட்டிகளைக் கோத்துக்கொள்வது. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் இருந்ததால், அரக்கோணத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தக் கெர்னல் அந்நியமன்று.

தொடக்கத்தில் இக்கோப்பு வேலையைக் கெர்னலுக்கு வெளியே இருந்த இன்ஸ்மாட் நிரல் செய்தது. கணக்குப் பிசகினால் பெரும்பாலும் அந்நிரல் மட்டுமே விழும். 2002 நவம்பரில் ரஸ்டி ரஸ்ஸல் அவ்வேலையைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தார். உள்ளே பிசகினால் கணினியே நின்றுபோகும்.

மாட்யூல் கோப்பு தன்னைப் பற்றிய அட்டவணையைத் தானே சுமந்து வருகிறது: இப்பகுதி இத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, இவ்வளவு நீளம் என்று. நாலாயிரம் பைட் கோப்பு ஒன்பதாயிரமாவது பைட்டைக் காட்டினால், நம்பிப் போகும் கெர்னல் கோப்புக்கு வெளியே கால்வைத்து விழும்.

2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பு மாட்யூல்களுக்கு முத்திரைச் சோதனையைக் கொணர்ந்தது. முத்திரை கோப்பின் வாலில் இருக்கும். அதைப் பார்க்க அட்டவணையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் 2018இல் ஒரு நல்லெண்ணம் குறுக்கிட்டது. திருப்பி அனுப்பும்போது இன்ன மாட்யூல் என்று பெயர் சொல்லி அனுப்பலாமே! பெயரோ அட்டவணைக்குள் இருக்கிறது. ஆகவே முத்திரைக்கு முன்பே அட்டவணை பிரிக்கப்பட்டது. வாசலிலேயே திரும்பியிருக்க வேண்டிய சிதைந்த கோப்பு இப்போது வீட்டையே சாய்க்கக்கூடியதாயிற்று. மரியாதைக்கு இப்படியும் ஒரு விலை!

2021 ஏப்ரலில் வந்த 5.12 பதிப்பில் ஃபிராங்க் வான் டெர் லிண்டனின் திருத்தம் இதை அடைத்தது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டி, கூட்டுத்தொகை கோப்பின் அளவுக்குள் அடங்குகிறதா என்று பார்த்தது. இதில் நாம் மிகவும் ரசிப்பது இன்னொரு வரி: கூட்டுத்தொகை தொடக்கத்தைவிடக் குறைந்துவிட்டதா என்ற சோதனை. எண் நிரம்பி வழிந்தால் மீட்டரைப் போல் பூஜ்யத்திலிருந்து திரும்பிவிடும் அல்லவா?

முத்திரை அனுப்பியவரைச் சொல்லும், அளவைச் சொல்லாது. 2024 ஜூலை 19 அன்று, விண்டோஸ் கெர்னலுக்குள் இயங்கிய கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளுக்கு அதன் நிறுவனமே அனுப்பிய கோப்பு 21ஆவது உள்ளீட்டைக் கேட்டது. தரப்பட்டவை 20. சுமார் 85 லட்சம் கணினிகள் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். விடுபட்டிருந்த எல்லைச் சோதனையை அந்நிறுவனம் ஜூலை 25 அன்று சேர்த்தது.