அளக்காமல் ஏற்றிய லோடு

2024 பிப்ரவரியில் பத்து நாடுகளின் காவல் அமைப்புகள் சேர்ந்து ‘லாக்பிட்’ கும்பலின் 34 சர்வர்களை முடக்கின. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கூட்டங்களில் அன்று அதுவே மிகப் பெரியது. பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தின் ஆவணங்கள் தங்களிடம் இருப்பதாக 2023 நவம்பரில் மிரட்டியதும் இதே கும்பல்தான். சில நாளில் அதன் தலைவனே காரணம் சொன்னான்: சர்வரில் இருந்த பிஎச்பி என்ற இணைய நிரல் மொழியைப் புதுப்பிக்காமல் அசட்டையாக இருந்துவிட்டானாம். அதில் சி.வி.இ.-2023-3824 என்று எண்ணிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டை வழியாகவே போலீஸ் உள்ளே வந்திருக்கும் என்பது அவன் ஊகம்.

அந்த ஓட்டையின் வேர் 1994-இல் இருக்கிறது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த இணையப் பக்கத்துக்காக சி மொழியில் எழுதிய சிறு நிரல்கள்தான் பிஎச்பியாக வளர்ந்தன. 1995 ஜூனில் அவற்றை எல்லோருக்கும் திறந்துவிட்டார். காசில்லை, மலிவான வாடகை சர்வரிலும் ஓடும். சேலம், நாமக்கல் பக்கம் லாரி ஆபீஸுக்கும் கோழிப்பண்ணைக்கும் கல்லூரிக்கும் தளம் கட்டித் தருகிறவர்களுக்கு இதைவிட வாகான மொழி வேறு ஏது?

ஆனால் சி மொழியின் குணமும் கூடவே வந்தது. நினைவகத்தில் இடம் போதுமா என்று அது கேட்காது. எழுதுபவர்தான் அளக்க வேண்டும்.

2009-இல் வந்த 5.3 பதிப்பில் ‘ஃபார்’ சேர்ந்தது. ஒரு செயலியின் கோப்புகளையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, பிரிக்காமலே ஓட்டும் வசதி அது. அருமையான வசதிதான். அந்தக் கட்டுக்குள் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, அளவு குறித்த ஓரிடத்தில் வைக்கும் பகுதியில்தான் கோளாறு. பெயரின் நீளத்தை அது சரியாகச் சோதிக்கவில்லை. பெயர் முடிந்ததைக் காட்டும் சுழியையும் ஓரிடம் தள்ளி எழுதியது. லாரித் தொட்டியின் நீளம் பாராமல் கம்பி ஏற்றினால் பின்னால் வருபவரைக் குத்துவதுபோல, நீண்ட பெயர் பக்கத்து நினைவகத்தைச் சிதைத்தது. வேண்டுமென்றே அப்படியொரு கட்டைத் தயாரித்து அனுப்பினால், சர்வரே அந்நியன் கைக்குப் போகலாம். அமெரிக்காவின் தேசியப் பாதிப்புத் தரவுத்தளம் இதற்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண் இட்டது.

2023 ஆகஸ்டில் 8.0.30, 8.1.22, 8.2.9 பதிப்புகளில் திருத்தம் வந்தது. லாக்பிட் தலைவன் வைத்திருந்ததோ 8.1.2, அது 2022 ஜனவரிச் சரக்கு.

அவன் கதை அவனோடு போகட்டும். 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டதால், பிஎச்பி குழு அதற்குத் திருத்தம் வெளியிடவேயில்லை. ஐந்தாறு வருடம் முன்பு கட்டி, பிறகு யாரும் தொடாத தளங்கள் நிற்பது பெரும்பாலும் இத்தகைய பழைய பதிப்புகளில்தான். தளம் வைத்திருப்பவர்கள் அதைக் கட்டிக்கொடுத்தவரிடம் பதிப்பு எண்ணை இன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது.