மூன்று மே மாதங்கள்

மார்த்தினிக் தீவின் வடமேற்குக் கரையில் இருக்கிற சேன்-பியேருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தேதியைத் தெரிந்துகொண்டுதான் போவார்கள்: 1902 மே 8. நானும் அப்படித்தான் போனேன். தலைநகர் ஃபோர்-த-பிரான்ஸிலிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ஊருக்குப் பின்னால் பெலே மலை, சுமார் 1,400 மீட்டர் உயரம். ‘பெலே’ என்றால் பிரெஞ்சில் மொட்டை. அன்று காலை எட்டு மணி வாக்கில் இந்த மொட்டை மலை வெடித்து, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் ஒன்றைச் சரிவில் உருட்டிவிட்டது. ஓரிரு நிமிடங்களில் ஊர் முடிந்துபோனது. செத்தவர்கள் ஏறக்குறைய 28,000 பேர்.

இன்று இது சில ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர். புது வீடுகளுக்கு நடுவே கருகிய சுவர்கள் நிற்கின்றன. எல்லோரும் முதலில் பார்ப்பது நாடக அரங்கின் இடிபாடு. 1786இல், பிரான்ஸின் போர்தோ நகரத்துப் பெரிய அரங்கை மாதிரியாக வைத்துக் கட்டியது. இப்போது படிக்கட்டும் அடித்தளமும்தான் மிச்சம். அங்கே நின்று கீழே எட்டிப் பார்த்தால் சிறையின் தனிக்கொட்டடி தெரியும். கனத்த கல் சுவர், எரிமலைக்கு எதிர்த்திசையில் ஒரு சின்னத் திறப்பு. அதற்குள் கிடந்த சிபாரிஸ் என்ற கூலித் தொழிலாளி தீக்காயங்களோடு பிழைத்தார். நாலு நாள் கழித்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அப்புறம் அமெரிக்காவின் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் அவரைக் கூட்டிப்போய் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தது.

யோசித்துப் பாருங்கள். போர்தோவைப் பார்த்துக் கட்டிய அரங்கு விழுந்துவிட்டது. கறுப்பு மனிதனை அடைத்துவைக்கக் கட்டிய கூண்டு விழவில்லை. இதை வெறும் விதி விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. இந்த ஊர் எதற்காகக் கட்டப்பட்டது என்பதும் அதில் இருக்கிறது.

1635இல் பெலேன் தெனாம்பூக் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே குடியேற்றத்தைத் தொடங்கினார். பிறகு கரும்பு வந்தது. கரும்புக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். சர்க்கரையும் ரம்மும் இந்தத் துறைமுகம் வழியாகப் போயின. அந்தக் காசில்தான் அரங்கு, கதீட்ரல், குதிரை டிராம், மின்விளக்கு எல்லாம். ‘கரீபியனின் குட்டிப் பாரிஸ்’ என்று பெயர் வேறு. எரிமலையைப் பற்றிய புத்தகங்கள் அழிந்துபோன இந்தக் குட்டிப் பாரிஸை நினைத்து நிறையவே உருகுகின்றன. ஆனால் சேன்-பியேருக்கு இன்னும் இரண்டு மே மாதங்கள் உண்டு.

முதலாவது 1848 மே 22. அடிமை முறையை ஒழிக்கும் ஆணை பாரிஸில் ஏப்ரல் 27ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. ஆனால் அது கப்பலேறி இன்னும் தீவுக்கு வந்துசேரவில்லை. பக்கத்துத் தோட்டமொன்றில் ரோமேன் என்ற அடிமை, தடையை மீறிப் பறையடித்தார் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். ஜனம் திரண்டது. அவரை விட்டுவிட்டார்கள், ஆனால் மூண்ட கோபம் அடங்கவில்லை. 22ஆம் தேதி சேன்-பியேரில் துப்பாக்கிச் சூடு, தீ, பிணங்கள். மறுநாளே ஆளுநர் ரொஸ்தொலான் அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்துவிட்டார். பாரிஸின் காகிதத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. மே 22 இன்று மார்த்தினிக்கில் பொது விடுமுறை.

விடுதலையான பலர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். முதலாளிகளுக்குக் கை வேண்டும், அதுவும் மலிவான கை. அங்கேதான் நம் ஆட்கள் கதைக்குள் வருகிறார்கள். 1853 மே 6 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை சேன்-பியேரில் இறக்கியது. ஐந்து வருட ஒப்பந்தக் கூலிகள். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 25,000 பேர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். புதுச்சேரியும் காரைக்காலும்தான் முக்கியமான புறப்பாட்டுத் துறைகள். வந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ஆனால் கப்பலை விட்டு இறங்கியவர்களுக்கு இந்தக் குட்டிப் பாரிஸில் வேலை இல்லை. அவர்களைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1902இல் மலை புகைந்துகொண்டிருந்தபோது தீவில் தேர்தல் நேரம். இரண்டாம் சுற்று மே 11 அன்று நடக்க வேண்டியிருந்தது. ஓட்டுக்காகத்தான் ஜனங்களை ஊரைவிட்டுப் போகவிடவில்லையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆளுநர் முத்தேவும் அங்கேயே செத்தார். அந்த விவாதத்தில் ஒப்பந்தக் கூலிகளுக்கு இடமே கிடையாது, ஏனென்றால் அவர்களுக்கு ஓட்டே இல்லை. பக்கத்துத் தீவு குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினரையும் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க வேண்டும் என்று 1904இல் வழக்காடத் தொடங்கினார். அந்த உரிமையை பிரான்ஸ் ஒப்புக்கொள்ள 1923 ஆகிவிட்டது. எரிமலை ஊரை முடிக்க எடுத்துக்கொண்டது ஓரிரு நிமிடம். அரசு ஒரு மனிதனைக் குடிமகன் என்று சொல்ல எடுத்துக்கொண்டது, முதல் கப்பலிலிருந்து கணக்கிட்டால், 70 வருஷம்.

சேன்-பியேரின் இடிபாடுகளில் தமிழ்த் தடத்தைத் தேடினால் அதிகம் கிடைக்காது. மலையைச் சுற்றி வடக்கே பாஸ்-புவேந்த் பக்கம் போக வேண்டும். கரும்புத் தோட்டங்கள் இருந்த அந்தப் பகுதியில் சின்னச் சின்னக் கோவில்கள் உண்டு. மாரியம்மன் அங்கே ‘மாரியெமன்’, மதுரை வீரன் ‘மால்தெவிதன்’. தீவின் சந்தைகளில் ‘கொலொம்போ’ என்ற மசாலாப் பொடி விற்கிறார்கள். அது நம் குழம்புதான் என்பார்கள், கொழும்பு நகரத்தின் பெயர் என்பாரும் உண்டு. பூசை செய்கிறவர்களுக்குப் பேச்சுத் தமிழ் போய்விட்டது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காதில் வாங்கிய தமிழ்ச் சொற்கள் பூசையில் மட்டும் ஒலிக்கின்றன. ஆடு வெட்டும்போது அடிக்கும் பறைக்குப் பெயர் ‘தப்பூ’.

நம்முடைய தப்புதான் அது. ரோமேனை உள்ளே போட்டதும் பறையடித்ததற்காகத்தான். அரங்கும் கதீட்ரலும் ஒரு காலையில் போய்விட்டன. தோலை இழுத்துக் கட்டி, தீயில் காய்ச்சி அடிக்கிற சத்தம் இந்தத் தீவில் இன்னும் கேட்கிறது.